கண்ணாடியில் நீ வலதுகைக்காரி

கும்பகோணம்
ஐப்பசி, விடாத மழை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படங்களை எல்லாம் பார்த்தேன். போனில் சொன்னால் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய். அதனால் தாளில் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நெற்கதிரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறாயே, அந்தப் படம் அழகுதான். ஆனால் அதில் நீ இல்லை. திருவையாற்றிலிருந்து பூம்புகார் வரை எந்த வீட்டுப் பெண்ணும் அப்படி நிற்கலாம். குத்துவிளக்கும் மல்லிகைச் சரமும் படித்துறையும்கூட அப்படித்தான். உரக்கடைக்காரர் பார்த்தால் அடுத்த வருஷக் காலண்டருக்குக் கேட்பார். "முகத்தைக் காட்டாமல், பொருள்களை வைத்து உன்னைச் சொல்" என்பதுதானே வகுப்பில் கொடுத்த வேலை? நீ ஊரைச் சொல்லியிருக்கிறாய். அதுவும் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு நினைத்துப் பார்க்கிற ஊரை. இங்கே அறுவடை மெஷின் வந்து எத்தனையோ காலமாகிறது. அந்தக் கதிரை எங்கே வாங்கினாய், பூக்கடையிலா?

உனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே என் வேலை போய்விட்டது. அதனால் இதைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. அப்பா ஸ்டூடியோவில் படம் எடுப்பார், ராத்திரி டார்க் ரூமில் கழுவிக் காயப்போடுவார். மறுநாள் நெகட்டிவ்கள் வீட்டுக்கு வரும். டச்சப் என் பொறுப்பு. சாய்வான பலகை, நடுவில் தேய்த்த கண்ணாடி, ஜன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பிவிட அடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. பென்சிலை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து முனையை நீளமாக இழைத்துக்கொள்வேன். நெகட்டிவில் கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் இருக்கும். மச்சம், அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே விழுந்த கோடு எல்லாம் வெளிச்சம் ஊடுருவுகிற சின்னச் சின்ன இடைவெளிகளாகத் தெரியும். அங்கே பென்சிலால் பொடிப் புள்ளிகள் வைத்து நிரப்பினால் பிரிண்டில் அந்த இடம் வெளுத்துவிடும், மச்சம் போய்விடும். மழமழப்பான ஃபிலிமில் பென்சில் பிடிக்காது. முதலில் மீடியம் என்று ஒரு திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தடவிக்கொள்ள வேண்டும். பெண் பார்க்க அனுப்பும் போட்டோ என்றால் கழுத்து எலும்பின் நிழலைக்கூட விடாமல் நிரப்பச் சொல்வார்கள். பாஸ்போர்ட் படத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. சிங்கப்பூருக்கும் குவைத்துக்கும் போனவர்கள் மச்சத்தோடுதான் போனார்கள்.

எனக்கு அப்போதே இதில் ஒரு வேடிக்கை தெரியும். பள்ளிக்கூடச் சான்றிதழில் ஆளை அடையாளம் காண அங்க அடையாளம் என்று எழுதுகிறார்கள். "இடது கன்னத்தில் ஒரு மச்சம்." அதே மச்சம் கல்யாணப் போட்டோவில் இருக்கக் கூடாது! இவள்தான் இவள் என்று சர்க்கார் எதை வைத்து நம்புகிறதோ அதை அழிப்பதற்கு எனக்குக் கூலி கொடுத்தார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது, உன் அண்ணனுடைய ஸ்கூல் ஃபீஸ் அதில்தான் போயிற்று. ஆனால் உன் படங்களைப் பார்த்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. உன்னிடம் யாராவது டச்சப் செய்ய நினைத்த இடம் எது? கேமராவை அங்கே வை.

பொருளை வைத்துத் தன்னைச் சொல்வது உன் வகுப்பில் புதிதாகக் கண்டுபிடித்தது என்று நினைத்துவிடாதே. நம் ஸ்டூடியோவில் ஒரு கோட்டு, ஒரு டை, வேலை செய்யாத டெலிபோன், கூலிங் கிளாஸ் எல்லாம் இருந்தன. பின்னால் மாடிப்படி வரைந்த ஸ்கிரீன். வருகிறவர்கள் தாங்கள் யாராக இருக்க ஆசைப்பட்டார்களோ அதை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு சிரிக்கிற எத்தனை பேருக்கு டச்சப் செய்திருப்பேன்! அந்த முகம் எதுவும் மனதில் இல்லை. நினைவில் இருப்பது ஒரு தவில்காரர். தவில் இல்லாமல் வந்தார். வலது கை விரல்களில் தவில் வாசிக்கப் போடும் கூடு மட்டும் மாட்டியிருந்தார், இடது கையில் தவில் அடிக்கிற பூவரசங்கழி. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, "தம்பி, கை தெளிவா விழணும்" என்றார். வாத்தியம் எங்கே என்று அப்பா கேட்டதற்கு, அது மேளச் செட்டில் இன்னொருத்தருடையது என்றார். அந்த நெகட்டிவில் நான் பென்சில் வைக்கவே இல்லை. விரல் ஓரங்களில் கூடு அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன தடங்கள் அப்படியே இருந்தன. உன் வாத்தியார் கேட்பது இந்த மாதிரிப் படத்தை என்றுதான் எனக்குப் படுகிறது.

இப்போது பீரோ கண்ணாடிப் படத்துக்கு வருகிறேன். மற்றதை எல்லாம் தள்ளிவிட்டு அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். நீ குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறாய், முடி முகத்தை மூடியிருக்கிறது, படம் கண்ணாடிக்குள் இருப்பதைத்தான் எடுத்திருக்கிறது. இடதுகைக்காரி நீ, அதில் பேனா வலது கையில் இருக்கிறது! நீ கவனித்தாயா? எனக்குப் பார்த்த உடனே உறுத்தியது. நெகட்டிவைத் திருப்பிப் போட்டுவிட்டார்களா என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். முந்தானை வலது தோளில் விழுந்திருந்தால் தப்பு என்று உடனே சொல்லிவிடுவேன்.

ஆரம்பகாலப் படங்களிலேயே இந்தக் குழப்பம் உண்டு. 1839இல் டாகேர் என்ற பிரெஞ்சுக்காரரின் படம் பிடிக்கும் முறை வெளியானபோது வெள்ளிப் பூச்சுத் தகட்டில் விழுந்த படங்கள் பெரும்பாலும் இடம் வலம் மாறித்தான் இருந்தன. அமெரிக்காவில் பில்லி தி கிட் என்று ஒரு துப்பாக்கிக்காரன். இரும்புத் தகட்டில் எடுத்த அவன் படம் திரும்பி விழுந்திருந்ததால் ரொம்ப காலம் அவனை இடதுகைக்காரன் என்றே நம்பினார்களாம். அப்பா சொன்னது இது. உனக்கு நடந்திருப்பது அதற்கு நேர்மாறு.

உன் அப்பாயி உன்னை வலதுகைக்காரி ஆக்க என்னென்ன செய்தாள் என்று உனக்கே தெரியும். பீச்சாங்கையால் எழுதாதே, பீச்சாங்கையால் கொடுக்காதே, கோலப்பொடியைத் தொடாதே. பென்சிலைப் பிடுங்கி இந்தக் கையில் கொடுப்பாள், அவள் திரும்பியதும் நீ அந்தக் கைக்கு மாற்றிக்கொள்வாய். எழுதி முடித்தால் உள்ளங்கை ஓரம் முழுக்க மசி, அந்த மசி பாவாடையில். பீரோ கண்ணாடிக்குள் அப்பாயி விரும்பிய பேத்தி உட்கார்ந்து எழுதுகிறாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நீ. தெரிந்து எடுத்தாயோ தெரியாமல் எடுத்தாயோ, அதை விட்டுவிடாதே. கம்ப்யூட்டரில் திருப்பிச் சரிசெய்துவிடாதே, தயவுசெய்து. திரும்ப எடுப்பதானால் ஃபிரேமின் ஓரத்தில் உன் நிஜக் கையும் கொஞ்சம் தெரியட்டும், மசியோடு.

அடியில் ஒரு வரி எழுதலாமா, அது ஏமாற்றா என்று கேட்டிருந்தாய். தாராளமாக எழுது. நீ சொன்ன அந்தப் பிரெஞ்சுக்காரர் பயார் என்ன செய்தார்? படம் பிடிக்க அவரும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார், அரசாங்கம் டாகேரைத்தான் கொண்டாடியது. அந்த ஆற்றாமையில் 1840இல் தண்ணீரில் மூழ்கிச் செத்தவர் போல் தன்னையே படம் எடுத்தார். (நம் வீட்டில் நீ அப்படி ஒன்று எடுத்தால் எனக்கு நெஞ்சு நின்றுவிடும். சொல்லி வைக்கிறேன்.) பின்பக்கம் அவர் எழுதி வைத்ததைப் படிக்காவிட்டால் அது யாரோ தூங்குகிற படம். அவ்வளவு தூரம் போக வேண்டாம், கோனேரிராஜபுரம் கோயிலுக்கு உன்னைக் கூட்டிப் போயிருக்கிறேன். சோழ ராணி செம்பியன் மாதேவி தன் புருஷன் கண்டராதித்தர் பெயரில் எடுப்பித்த கற்கோயில். சுவரில் கண்டராதித்தர் லிங்கத்தை வணங்கும் சிற்பம் இருக்கும், அது அவர்தான் என்று அடியில் கல்வெட்டே சொல்லும். அந்த எழுத்து இல்லையென்றால் இன்று யாருக்குத் தெரியும்? ஆனால் வாளும் சிம்மாசனமும் இல்லாமல் கும்பிடுகிற ஆளாக ராஜாவைக் காட்டினார்களே, அந்தத் தேர்வு எழுத்துக்கு முன்னாலேயே பாதியைச் சொல்லிவிடுகிறது. படம் பாதி சொன்ன பிறகு மீதியை வரி சொல்லட்டும். எல்லாவற்றையும் வரி சொல்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது.

விவியன் மேயர் படங்களையும் பார்த்தேன். சிகாகோவில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த அம்மாள், இத்தனை எடுத்து யாருக்கும் காட்டாமல் வைத்திருந்திருக்கிறாள்! நிழலும் தொப்பியும் போதும், அவள் என்று தெரிகிறது. நீயும் நிழலில் முயற்சி செய்வதானால் பொங்கலுக்கு வரும்போது காலையிலோ சாயங்காலத்திலோ எடு. சித்திரையில் வந்து உச்சிவேளையில் எடுக்கலாம் என்று இருந்துவிடாதே. சூரியன் நேர் தலைக்கு மேலே வந்துவிடும், நிழலே விழாது.

அப்புறம் ஒன்று. பரணில் உன் தாத்தா கதிர் அறுத்த கருக்கரிவாள் இருக்கிறது. அவரும் இடதுகைதான். கடையில் கிடைக்கும் அரிவாள் கைக்கு ஒத்துவரவில்லை என்று கொல்லரிடம் சொல்லி, கருக்கை, அதாவது அதன் பல்லை, மறுபக்கமாக வெட்டி வாங்கினார். பிடி அவர் கைக்குத் தேய்ந்திருக்கிறது. நான் பிடித்தால் எனக்கு ஒட்டவே ஒட்டாது. அந்தக் கதிர்ப் படத்தை விட மனசில்லை என்றால், கதிரைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை எடுத்துப் பார். நீ ஒரு நாளும் வயலில் இறங்கி அறுத்தவள் இல்லை, அது எனக்கும் தெரியும். அதனால் இது உன் படமா, தாத்தா படமா என்று எனக்கே நிச்சயமில்லை. கையில் பிடித்துப் பார்த்து நீயே முடிவு செய். கூரியரில் அரிவாளை வாங்க மாட்டார்கள். அண்ணன் அடுத்த மாதம் அந்தப் பக்கம் வருகிறான், துணியில் சுற்றிக் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பாவுக்கு இதில் எதுவுமே சம்மதமில்லை. முகமில்லாத படத்துக்குக் காசு வாங்கினால் பார்ட்டி சண்டைக்கு வருவான் என்கிறார். பீரோ படத்தை மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டாம் முறை பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக அடிக்கிறதாம், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிடச் சொன்னார். மற்றதை நீயே அவரிடம் பேசிக்கொள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடு, மத்தியானம் தூங்குவார்.

அன்புடன்
அம்மா