கியர் பாக்ஸ் ஆயில் பற்றி அம்மிணிக்கு

அன்புள்ள அம்மிணிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் பாதிதான் பதில் சொன்னேன். அதற்குள் பாப்பா அழ ஆரம்பித்தாள், நீயும் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிட்டாய். உன் "சரிப்பா" எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதி, அம்மா அனுப்பும் பார்சலுக்குள்ளேயே வைக்கிறேன். காகிதத்தில் கறை இருந்தால் பயப்படாதே, அது நல்லெண்ணெய்.

கார் 74,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. சர்வீஸ் சென்டரில், "ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் இருப்பது லைஃப்டைம் ஆயில், அதில் கை வைக்கவே வேண்டாம்" என்கிறார்கள். மாப்பிள்ளையின் நண்பர் காட்டிய பட்டறையில், "மெஷின் வைத்து ஃப்ளஷ் செய்ய வேண்டும், பழைய ஆயிலை மொத்தமாக வெளியே தள்ள வேண்டும், 18,000 ரூபாய் ஆகும், இந்த வாரமே கொண்டு வாருங்கள்" என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது என்றாய். இரண்டு பேர் பேச்சையும் கேட்காதே. ஆயிலை மாற்று. மெஷின் வேண்டாம், அவசரமும் வேண்டாம். தீபாவளிக்கு ஊருக்கு வருவதற்குள் முடித்துவிடு.

இவ்வளவுதான் பதில். ஆனால் நீ சின்ன வயதில் மாத்திரையைக்கூட ஏன் எதற்கு என்று கேட்காமல் விழுங்கியதில்லை.

நான் நாமக்கல்லில் 31 வருஷம் லாரிப் பட்டறையில் கிடந்தவன். லாரி கியர் பாக்ஸில் ஆயிலுக்கு முக்கியமான வேலை, பல் சக்கரம் தேயாமல் பார்த்துக்கொள்வது. உன் காரில் அப்படி இல்லை. அங்கே ஆயில்தான் வேலைக்காரன். எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் டார்க் கன்வர்டர் என்று வட்டமாக ஒன்று உட்கார்ந்திருக்கும். பானையில் மோர் கடையும்போது மோரே சுழன்று, உள்ளே விட்ட கரண்டியையும் இழுத்துக்கொண்டு போகுமே, அதுதான் சங்கதி. எஞ்சின் ஆயிலைக் கடைகிறது, சுழலும் ஆயில் எதிர்ப்பக்கத்துத் தகடுகளைச் சுற்றுகிறது. அதே ஆயிலைப் பம்ப் அழுத்தி அனுப்பித்தான் கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றையொன்று பிடிக்கின்றன. சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதே ஆயில்தான்.

கடைந்தால் சூடாகும். கிரைண்டரில் உளுந்து அதிக நேரம் ஓடினால் மாவு சூடாகிவிடும் என்று அம்மா ஐஸ் தண்ணீர் தெளிப்பாளே, நினைவிருக்கிறதா? நீ சென்னை ஓ.எம்.ஆர். ரோட்டில் சிக்னலுக்குச் சிக்னல் நகர்ந்து நகர்ந்து போகும்போது கன்வர்டர் கடைந்துகொண்டே இருக்கிறது. சேலம் பைபாஸில் 80இல் போகும்போது உள்ளே இருக்கும் லாக்கப் கிளட்ச், எஞ்சினையும் கியர் பாக்ஸையும் நேராகச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அப்போது கடைவதும் இல்லை, சூடும் குறைவு. அதனால் உன்னுடைய 74,000 வேறு, சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் மட்டும் போய் வருகிற வண்டியின் 74,000 வேறு. மீட்டரில் இது தெரியாது.

காரோடு கொடுத்த கையேட்டை எடுத்துப் பார். பல கார்களின் கையேட்டில் இரண்டு அட்டவணைகள் இருக்கும். சாதாரண உபயோகத்துக்கு உள்ளதில் கியர் பாக்ஸ் ஆயிலுக்கு "தேவையில்லை" என்று போட்டிருப்பான். கடுமையான உபயோகத்துக்கு என்று பின்னால் இன்னொன்று இருக்கும், அதில் மாற்றச் சொல்லியிருப்பான். எது கடுமை? மலைப்பாதை, குட்டிக் குட்டிப் பயணம், 32 டிகிரிக்கு மேல் வெயிலில் நெரிசலில் ஓட்டுவது என்றெல்லாம் சில கையேடுகளில் எழுதியிருக்கிறது. சென்னையில் மழை, பனி மாதங்களை விட்டால் எந்த மாதம் 32க்குக் கீழே இருக்கிறது? சர்வீஸ் சென்டர்காரர் முதல் அட்டவணையைத்தான் படித்திருக்கிறார்.

லைஃப்டைம் என்றால் யாருடைய லைஃப்டைம் என்பதையும் கேட்க வேண்டும். ஜெர்மனியில் இசட்.எஃப். என்று ஒரு கம்பெனி, பெரிய பெரிய கார் கம்பெனிகளுக்கு ஆட்டோமேட்டிக் பெட்டி செய்து கொடுக்கிறது. அந்தப் பெட்டி ஏறிய கார்களில் லைஃப்டைம் ஆயில் என்பார்கள். பெட்டியைச் செய்த இசட்.எஃப்.போ, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், இல்லாவிட்டால் 8 வருஷத்தில் மாற்றச் சொல்கிறது. உன் காரில் இருப்பது அவர்கள் பெட்டி இல்லை. ஆனாலும் செய்தவனே மாற்று என்கிறபோது விற்றவன் வேண்டாம் என்பதை நான் எப்படி நம்புவது? உன் உபயோகத்துக்கு 60,000லேயே மாற்றியிருக்கலாம் என்பது என் கணக்கு. 74,000 ஒன்றும் கைமீறிப் போகவில்லை.

நீ கேட்காததை ஒன்று சொல்கிறேன். நீ ஏழாம் வகுப்பு படித்தபோது ஒரு பொங்கலுக்கு நாம் அம்மாயி வீட்டுக்குப் போகவில்லை, நீ இரண்டு நாள் அழுதாய். காரணம் இந்த ஆயில்தான்.

உன் பெரிய மாமா அப்போது வெளிநாட்டுப் பழைய கார் ஒன்றை ஆசையாக வாங்கினார். ஆட்டோமேட்டிக். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய்விட்டு வந்தவர், "மாப்ளே, இரைச்சல் ஏறுது, வண்டி ஏற மாட்டேங்குது" என்று என்னிடம் விட்டார். ஆயிலைத் திறந்தால் டீ டிகாக்‌ஷன் நிறம், தீய்ந்த வாடை. எனக்கு லாரி தெரியும் என்கிற திமிர். கடையில் போய் "ஆட்டோமேட்டிக்குப் போடுற ஆயில் குடுங்க" என்றேன், அவர் கொடுத்த சிவப்பு ஆயிலை ஊற்றினேன். பத்தே நாளில் ரிவர்ஸ் விழவில்லை, அப்புறம் முன்னாலும் போகவில்லை. நல்லா ஓடிய வண்டியை நான் கெடுத்துவிட்டேன் என்று மாமா ஊரெல்லாம் சொன்னார். நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன்.

இப்போது யோசித்தால் இரண்டு பேர் மேலும் தப்பு இருக்கிறது. அந்த வண்டியின் பிளேட்டுகள் என்னிடம் வரும்போதே தேய்ந்து முடிந்திருந்தன. புது ஆயில் ஊற்றினால் போன பிளேட் முளைக்காது. "இத்தனை வருஷம் மாற்றாத பெட்டியில் ஆயில் மாற்றினால் கெட்டுப்போகும்" என்று பயமுறுத்துகிறார்களே, அந்தப் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் கிளம்புகிறது. பிளேட் தேய்ந்து வழுக்க ஆரம்பித்த பிறகு மாற்றுவார்கள், பெட்டி போகும், பழி ஆயில் மேல் விழும். உன் வண்டி இப்போது ஜெர்க் இல்லாமல், கியரை டி-யில் போட்டதும் தயங்காமல் கிளம்புகிறது என்றாய். மாற்ற வேண்டிய நேரம் அதுதான்.

என் பக்கத்துத் தப்பு, அந்தக் கார் எந்த ஆயில் கேட்கிறது என்று நான் பார்க்கவே இல்லை. இந்தப் பிளேட்டுகள் கொஞ்சம் வழுக்கி, அப்புறம் கப்பென்று பிடிக்க வேண்டும். எவ்வளவு வழுக்கல், எவ்வளவு பிடிப்பு என்பது ஆயிலில் சேர்க்கும் சரக்கைப் பொறுத்தது. ஒரு காலத்தில் அதற்காகத் திமிங்கில எண்ணெயைக்கூடக் கலந்திருக்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்தபிறகு வேறு ரசாயனம் தேடி அலைந்தார்கள். எல்லாம் சிவப்பாக இருந்தாலும் எல்லாம் ஒன்றில்லை. கையேட்டில் எழுதியிருக்கும் ஆயில் பெயரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள். கேனின் மேல் அந்தப் பெயர் அப்படியே இருக்க வேண்டும். "இது எல்லாத்துக்கும் சேரும்மா" என்று சொல்கிற இடத்தில் வண்டியை விடாதே.

மாமாவிடம் இதை நான் இன்னும் சொன்னதில்லை. நீயும் சொல்லாதே. தீபாவளிக்கு அவர் வரும்போது நானே சொல்கிறேன்.

மெஷின் ஏன் வேண்டாம் என்றேன் என்றால், சாதாரணமாக அடியில் இருக்கும் டிரெய்ன் போல்ட்டைக் கழற்றினால் ஏறக்குறைய பாதி ஆயில்தான் வரும், மீதி பெரும்பாலும் கன்வர்டருக்குள்ளேயே நிற்கும். மெஷின் வைத்தால் அநேகமாக எல்லாம் வரும், அது உண்மைதான். ஆனால் வைக்கிறவன் கையைப் பொறுத்தது அது. எனக்கு முன்பின் தெரியாதவன் கை. அதைவிட, வடித்து ஊற்று, ஓர் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டு, மறுபடி வடித்து ஊற்று. ஒவ்வொரு முறையும் பாதி வந்தால் இரண்டு முறையில் முக்கால்வாசி புதுசு. செலவும் அவர்கள் கேட்டதைவிடக் குறைவாகத்தான் வரும்.

சில பெட்டிகளில் அடியில் பேன் என்கிற ஆயில் தட்டைக் கழற்றி ஃபில்டர் மாற்றலாம், சிலதில் பெட்டியைப் பிரித்தால்தான் ஃபில்டர் தெரியும். உன்னுடையது எது என்று கேட்டுக்கொள். பேன் கழற்றினால் உள்ளே ஒட்டியிருக்கும் காந்தத்தைக் காட்டச் சொல். சாம்பல் நிறத்தில் பேஸ்ட் மாதிரி இருந்தால் பரவாயில்லை. தகடு தகடாக மின்னினால் எனக்கு உடனே போன் செய்.

அளவு முக்கியம். ஆயில் சூட்டில் விரியும், அதனால் எத்தனை டிகிரி சூட்டில், எஞ்சின் ஓடும்போதா நிறுத்தியபிறகா அளவு பார்க்க வேண்டும் என்று கம்பெனியே சொல்லியிருக்கும். அதைக் கேட்டால் மெக்கானிக் முகம் மாறுகிறதா என்று பார். கூடினாலும் கெடுதல்தான், நுரைத்துக்கொள்ளும்.

ரேடியேட்டரையும் ஒரு கண் பார்க்கச் சொல். சில வண்டிகளில் கியர் பாக்ஸ் ஆயில் அதற்குள்ளே போய்த்தான் குளிர்கிறது. உள்ளே ஓட்டை விழுந்து, எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட் கலந்தால் ஆயில் ரோஸ்மில்க் நிறமாகிவிடும். அதைப் பார்த்தபிறகு ஓர் அடிகூட ஓட்டக் கூடாது.

தம்பியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டிக் குழப்பாதே. அவனுடையது ஏ.எம்.டி., சாதாரண கியர் பாக்ஸ்தான், கிளட்ச்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் நமக்குப் பதிலாக ஓர் இயந்திரம் செய்கிறது, அவ்வளவே. உன் தோழி காரில் இருக்கும் சி.வி.டி. என்கிற வேறு வகை ஆட்டோமேட்டிக்குக்கும் உன் ஆயில் ஆகாது. அதில் இரும்புப் பெல்ட் ஓடுகிறது, அதற்கென்று தனி ஆயில். மாற்றி ஊற்றினால் பெட்டி போய்விடும்.

பார்சலில் மூன்று காலி லிட்டர் பாட்டில்கள் இருக்கும், குப்பை என்று போட்டுவிடாதே. வடித்த ஆயிலை அதில் ஊற்றி அளக்கச் சொல், எவ்வளவு வந்தது என்று எழுதி வை. அவ்வளவும் திரும்பப் போயிருக்கிறதா என்று கேள். ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டுப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. கொத்தமல்லித் தூள் வந்த எவர்சில்வர் டப்பாவை மறக்காமல் எடுத்துவா, அம்மா இரண்டு முறை சொல்லிவிட்டாள்.

அப்பா