கோட்டா தீர்ந்ததும் ரீசார்ஜ் பக்கம் ஏன் திறக்கவில்லை

மயிலாடுதுறை,
ஐப்பசி 20

அன்புள்ள நண்பா,

நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா? இங்கே சம்பா நடவு முடிந்துவிட்டது, மழைதான் விட்டபாடில்லை.

உன் கல்லூரி ஆய்வகத்தில் 5ஜி கோர் (ஃபோன்களை இணையத்தோடு சேர்த்து, டேட்டாவுக்குக் கணக்கும் வைக்கும் நடு மையம்) ஓட ஆரம்பித்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். நீ கேட்டவற்றுக்கு வருகிறேன்: டேட்டா கணக்கு ஏன் கூடுதலாக ஏறுகிறது, கோட்டா தீர்ந்ததும் ரீசார்ஜ் பக்கம் ஏன் திறக்கவில்லை, வீடியோ ஏன் விட்டுவிட்டு ஓடுகிறது.

100 எம்பி ஃபைல் இறக்கினால் கணக்கில் 111 ஏறுகிறது என்கிறாய். 100-க்கு மேல் ஏறத்தான் செய்யும். எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். 1,400 பைட் பாக்கெட்டில் ஐபி, டிசிபி தலைப்புகள் (முகவரி, வரிசை எண் எழுதும் பகுதி) டைம்ஸ்டாம்போடு 52 பைட் போக, மிச்சம் 1,348தான் ஃபைல். இரண்டு பாக்கெட்டுக்கு ஒரு ஏசிகே ('வந்து சேர்ந்தது' என்ற பதில்) ஃபோனிலிருந்து மேலே போகும், அதுவும் 52. கூட்டிப் பார், 106 வரும். அது நியாயமான கணக்கு. 111 என்றால் உன் யூபிஎஃப் (கோரில் பாக்கெட்டைக் கடத்தி எண்ணும் பகுதி) ஜிடிபி உறையையும் சேர்த்து எண்ணுகிறது: வெளி ஐபி 20, யூடிபி 8, ஜிடிபி தலைப்பு நீட்டிப்போடு 16, ஆக 44 பைட். பேஸ் ஸ்டேஷனுக்கும் யூபிஎஃப்புக்கும் நடுவில் நெட்வொர்க் தன் வசதிக்குக் கட்டும் சாக்கு அது. அரிசி வாங்குகிறவன் சாக்கின் எடைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. உறையைப் பிரித்த பிறகு, உள்ளே இருக்கும் ஐபி பாக்கெட்டின் நீளத்தை மட்டும் எண்ணும்படி மாற்று.

ஃபோன் காட்டும் எண்ணோடு இது அப்படியே பொருந்தாது. சிக்னல் பலவீனமான இடத்தில் யூபிஎஃப் எண்ணி அனுப்பிய பாக்கெட் ரேடியோவில் தொலைந்து, சர்வர் மறுபடி அனுப்பினால் அது இரண்டாம் முறையும் எண்ணப்படும். மதகில் அளந்த தண்ணீர் அத்தனையும் வயலில் ஏறாது அல்லவா, அதே கதைதான்.

அடுத்தது ரீசார்ஜ் பக்கம். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான், ஏனென்றால் காசு தீர்ந்தவனுக்கு அது ஒன்றுதான் வழி. நீ அந்தப் பக்கத்தின் பெயரை வைத்து இலவச ரூல் எழுதியிருக்கிறாய். ஆனால் பெயர் எப்போது தெரியும்? இணைப்பைத் தொடங்கும் டிசிபி கைகுலுக்கலின் மூன்று பாக்கெட்டிலும் பெயர் கிடையாது. அதன் பிறகு வரும் டிஎல்எஸ் (இணைப்பைப் பூட்டும் குறியாக்கம்) முதல் செய்தியில்தான் இருக்கிறது. அதுவரை பாக்கெட்டுகள் பொது ரூலில் (மற்ற எல்லாவற்றுக்குமான, கோட்டாவில் கழியும் ரூல்) விழும். கோட்டா இருக்கும்போது நூற்றுச் சொச்சம் பைட் தப்பான கணக்கில் ஏறுவதோடு சரி, யாருக்கும் தெரியாது. கோட்டா தீர்ந்தால் பொது ரூல் அடைபட்டிருக்கும். முதல் பாக்கெட்டே செத்துவிடும், பெயர் வரவே வராது. அதனால் ரீசார்ஜ் சர்வரை ஐபி முகவரி, போர்ட் வைத்து எழுது. பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸையும் திறந்து வை, ஆனால் உங்கள் டிஎன்எஸ் சர்வரின் முகவரிக்கு மட்டும். டிஎன்எஸ்ஸின் போர்ட் 53 முழுவதையும் இலவசமாக விட்டால், அதற்குள்ளேயே டனல் போட்டு ஊர் முழுக்கச் சுற்றி வருவார்கள். எச்டிடிபிஎஸ் பக்கத்தைத் திறக்கிறவனை ரீசார்ஜ் பக்கத்துக்குத் திருப்பிவிடவும் முயலாதே. சான்றிதழ் எச்சரிக்கைதான் வரும். எஸ்எம்எஸ்ஸில் இணைப்பை அனுப்புவது மேல்.

ஒரு தளத்துக்கு மட்டும் விலை குறைப்பதை மாணவர்கள் ஆய்வகத்தில் தாராளமாகச் செய்து பார்க்கட்டும். ஆனால் 2016 பிப்ரவரி 8-ல் வந்த ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) ஒழுங்குமுறைப்படி, உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை வைக்க இங்கே தடை. அதையும் பாடத்தோடு சேர்த்துச் சொல்.

பிடிஆர்களின் (எந்தப் பாக்கெட் எந்த ரூலுக்கு என்று யூபிஎஃப்புக்குச் சொல்பவை) முன்னுரிமை எண்ணையும் பார். சின்ன எண்தான் முதலில் பார்க்கப்படும். உன் பொது ரூல் 100, குறிப்பான ரூல் 200 என்றால் இரண்டாவதற்கு ஒரு பாக்கெட்டும் போகாது. பொது ரூலை 60,000-க்குத் தள்ளிவிட்டு, மற்றவற்றுக்கு நடுவில் நூறு நூறாக இடைவெளி விடு. இறங்கும் திசைக்குத் தனி பிடிஆர் வேண்டும். நிறையப் பேர் அதைத்தான் மறக்கிறார்கள். துண்டான ஐபி பாக்கெட்டில் முதல் துண்டில் மட்டுமே போர்ட் எண் இருக்கும். ஒட்டிய பிறகு ரூலோடு பொருத்தாவிட்டால் மற்ற துண்டுகள் பொது ரூலுக்கு ஓடிவிடும்.

வீடியோ விட்டுவிட்டு ஓடுவதற்குக் காரணம் சார்ஜிங் சர்வர் ஒரு தடவைக்குத் தரும் 10 எம்பி கோட்டா. 200 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 25 எம்பி. 10 எம்பி 0.4 நொடியில் காலி. யூஆர்ஆரில் (எவ்வளவு ஓடியதும் யூபிஎஃப் அறிக்கை தர வேண்டும் என்ற விதி) நீ இந்தக் கோட்டாவை மட்டும் வைத்திருக்கிறாய். அது தீர்ந்தால் யூபிஎஃப் நிறுத்திவிட்டுத்தான் சொல்லும். த்ரெஷோல்ட் (ஓட்டத்தை நிறுத்தாமல் அறிக்கை அனுப்பும் அளவு) மட்டும் வைத்தால் அறிக்கை வரும், ஆனால் ஓட்டம் நிற்காது. காசில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். இரண்டும் வேண்டும். சார்ஜிங் சர்வர் பதிலுக்கு 150 மில்லிசெகண்ட் ஆகிறது என்று எழுதியிருந்தாய். அந்த நேரத்தில் 3.75 எம்பி ஓடிவிடும். கோட்டா 50 எம்பி, த்ரெஷோல்ட் 40 எம்பி என்று வை. கைவசம் 10 எம்பி இருக்கும். ரொம்பப் பெரிதாக்கினாலும் வம்பு: 60 எம்பி மிச்சமுள்ளவனிடம் ஒரு ரேட்டிங் குரூப் (தனி விலைக் கணக்கு) 50-ஐப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தால் இன்னொன்றுக்குப் பத்துதான் மிஞ்சும். அதற்குத்தான் ஹோல்டிங் டைம். சில நிமிடம் போக்குவரத்தே இல்லையென்றால் மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

இவற்றை மாற்றிவிட்டு அதே 100 எம்பி ஃபைலை மறுபடி இறக்கிப் பார். என்3 (பேஸ் ஸ்டேஷன் பக்கம்), என்6 (இணையப் பக்கம்) இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பிடித்த பாக்கெட் கேப்சரையும், என்4-ல் (யூபிஎஃப்பைக் கட்டுப்படுத்தும் இணைப்பு) போன அறிக்கைகளையும் அனுப்பு. 106-க்கு மேல் எவ்வளவு வந்தாலும் எங்கே என்று தேடிவிடலாம்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் அன்பு நண்பன்