ஸ்காட்லாந்து ஸ்டெர்லிங்கிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பாப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது, நர்சரிக்குப் போகிறாள். அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி வந்து சேர்ந்தது, அதில் பாதி உங்கள் மாப்பிள்ளை தட்டுக்குத்தான் போகிறது. வாடகை, சம்பளம், குளிர் தவிர வேறொன்றும் எழுத மாட்டேன் என்கிறாய் என்று போனில் குறைப்பட்டீர்கள். சரி, இன்று அந்த மூன்றையும் விட்டுவிடுகிறேன்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். காலையில் தலை வாரிவிடும்போதெல்லாம் மென்டீத் ஏரியைப் பற்றித்தான் பேச்சு. 1979 பிப்ரவரியில் அந்த ஏரி அப்படியே உறைந்து, ஆயிரக்கணக்கானவர்கள் அதன் மேல் ஏறி நின்று கர்லிங் விளையாடினார்களாம். வழவழப்பான கனத்த கல்லைப் பனிக்கட்டி மேல் தள்ளிவிட்டு, துடைப்பத்தால் முன்னால் தேய்த்துக்கொண்டே ஓடுகிற ஆட்டம். 2010 குளிரில் இன்னொரு தடவை நடத்தப் பார்த்து, பாதுகாப்பு இல்லை என்று கைவிட்டுவிட்டார்கள். அந்தக் கோபம் பாட்டிக்கு இன்னும் தீரவில்லை. "ஏரியைப் பார்க்காமல் என்ன ஸ்டெர்லிங்கில் குடியிருக்கிறாய்" என்று அவர் கேட்டுக்கேட்டே நாங்கள் கிளம்பினோம். பஸ்ஸை நம்ப முடியாது. கூட வேலை செய்கிற பெண் தன் காரில் கூட்டிப்போனாள்.

ஏரி நடுவில் இஞ்ச்மஹோம் என்று ஒரு தீவு, அதில் ஒரு பழைய மடம். நம் வண்டியூர் தெப்பக்குளத்து மைய மண்டபத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, இடிந்துபோக விட்டு, சுற்றி மலையும் மரமும் வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. கரையில் ஒரு சின்னப் படகுத்துறை. படகுக்காரர் தீவுப் பக்கம் இருந்தால் துறையில் இருக்கும் வெள்ளைப் பலகையைத் திருப்பி வைக்க வேண்டும், பார்த்துவிட்டு வருவார். போன் இருக்கிற காலத்திலும் இதுதான் ஏற்பாடு. பலகையைத் திருப்பியது பாப்பா. அதற்கப்புறம் படகு வந்ததே தன்னால்தான் என்று நாள் முழுக்கப் பெருமை.

மடத்தைக் கட்ட ஏற்பாடு செய்தவர் வால்டர் கமின் என்ற மென்டீத் பிரபு, 1238இல். பக்கத்துத் தீவான இஞ்ச் டல்லாவில் பிரபுக்களின் வீடு இருந்தது. மூன்றாவதாக ஒரு குட்டித் தீவு, அது வேட்டை நாய்களுக்காம்! மடத்தில் இருந்தவர்கள் அகஸ்டீன் சபைக் குருமார்கள். கறுப்பு அங்கி, ஒரே கூரையின் கீழ் வாழ்க்கை, இரவு பகல் என்று நேரம் வகுத்து ஜெபம். வெளியே உள்ள சில சர்ச்சுகளின் வருமானம் இவர்களுக்கு வந்து சேரும். இப்போது சர்ச்சுக்குக் கூரை இல்லை. கிழக்குச் சுவரில் ஒல்லியான கூர்முனை ஜன்னல்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன, கண்ணாடிக்குப் பதில் வானம் தெரிகிறது.

ஒதுங்கி ஜெபம் செய்யக் கட்டிய இடத்தை அரசியல் விடவில்லை, அப்பா. ஸ்காட்லாந்து ராஜா ராபர்ட் புரூஸ் 1306, 1308, 1310 என்று மூன்று தடவை வந்திருக்கிறார். 1314இல் பானக்பர்னில் இங்கிலாந்துப் படையைத் தோற்கடித்த அதே ராஜாதான், அந்தப் போர்க்களம் எங்கள் வீட்டிலிருந்து பஸ் தூரம்தான். 1306 தொடக்கத்தில் அவர் ஒரு சர்ச்சுக்குள் வைத்து எதிரியைக் குத்தினார். செத்தவர் ஜான் கமின். அதே வருடம் புரூஸ், கமின் வம்சத்தார் ஒருவர் நிறுவிய மடத்துக்குள் விருந்தாளியாக நுழைந்திருக்கிறார். உள்ளே இருந்தவர்கள் எந்த முகத்தோடு சாப்பாடு போட்டிருப்பார்கள்?

எனக்கு மனசில் நின்றது ஸ்காட்லாந்தின் மேரி ராணி கதை. அப்பா இறந்தபோது அவளுக்கு வயது ஆறு நாள், அன்றே ராணி. தன் மகனுக்கு அவளைக் கட்டிவைக்க வேண்டும் என்று இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி படையெடுத்து ஊர்களை எரித்தார். பெண் கேட்க இப்படியும் ஒரு வழி. அவர் செத்த பிறகும் சண்டை நிற்கவில்லை. 1547 செப்டம்பரில் பிங்கி என்ற இடத்தில் ஸ்காட்லாந்துப் படை நொறுங்கியதும், ஸ்டெர்லிங் கோட்டைகூட ஆபத்து என்று பிள்ளையை இந்தத் தீவில் கொண்டுவந்து ஒளித்துவைத்தார்கள். அவளைக் காத்துவந்த எர்ஸ்கின் குடும்பத்தின் கையில்தான் அப்போது மடமும் இருந்தது. சில வாரம்தான். அடுத்த வருடம் கப்பலேற்றி பிரான்சுக்கு அனுப்பிவிட்டார்கள். தீவில் ஒளித்துவைத்தபோது அவளுக்கு வயது நாலு, நம் பாப்பா வயது. அவள் தோட்டம் போட்டாள், செடி நட்டாள் என்று கதை சொல்கிறார்கள். நாலு வயதுப் பிள்ளை சில வாரத்தில் என்ன நட்டிருக்கும்? பிடுங்கியிருப்பாள் என்றால் நம்புவேன்.

1560இல் நாடு கத்தோலிக்கத்தை விட்டுச் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) மதத்துக்கு மாறியபோது மடத்தின் கதை முடிந்தது. நிலமெல்லாம் பிரபுக்களிடம் போயிற்று.

கூரையோடு மிஞ்சியிருக்கிற ஒரு கட்டடத்துக்குள் பழைய கல்லறைச் சிலைகளை வைத்திருக்கிறார்கள். வால்டர் ஸ்டூவர்ட் என்ற பிரபு, அவர் மனைவி மேரி. 13ஆம் நூற்றாண்டு. இங்கே மற்ற சர்ச்சுகளில் பார்த்த ஜோடிகள் எல்லாம் கைகூப்பி, மேலே பார்த்து, விறைப்பாகப் படுத்திருப்பார்கள். இந்த இரண்டு பேரும் ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பியிருக்கிறார்கள், அவள் கை அவர் கழுத்தைச் சுற்றியிருக்கிறது. மழையில் கிடந்து முகம் இரண்டும் தேய்ந்துபோயிற்று, கை மட்டும் தெரிகிறது. இவர் வெகுநேரம் அங்கேயே நின்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இன்னொரு கல்லறையும் உண்டு. கன்னிங்ஹாம் கிரஹாம் என்ற அரசியல்வாதி. வாலிபத்தில் அர்ஜென்டினாவில் மாடு மேய்ப்பவர்களோடு சுற்றினவர், பிறகு எம்.பி., 1888இல் கீர் ஹார்டி என்ற தொழிலாளர் தலைவரோடு சேர்ந்து ஸ்காட்லாந்துத் தொழிற்கட்சியைத் தொடங்கினவர். மனைவி கேப்ரியேலா 1906இல் இறந்தபோது இந்தத் தீவில் தன் கையாலேயே குழி வெட்டினார் என்கிறார்கள். அவர் 1936இல் இறந்தது புவெனஸ் அய்ரஸில். உடலைக் கப்பலில் கொண்டுவந்து மனைவி பக்கத்தில் புதைத்தார்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுச் சும்மா நகர்ந்துவிட முடியாது. நானும் இவரும் படகில் திரும்பும்போது இதைப் பேசினோம். என்ன பேசினோம் என்று எழுதினால் அம்மா அழுவார், நேரில் சொல்கிறேன்.

நேரில் என்றதும் நினைவு வருகிறது. படகு குளிர்காலத்தில் ஓடாது. நீங்கள் இருவரும் வருவதாக இருந்தால் மே மாதமே வாருங்கள். அம்மாவின் முழங்காலுக்குப் படகில் ஏறி இறங்குவது கொஞ்சம் சிரமம், ஆனால் தீவில் நடக்கிற தூரம் அதிகமில்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்தாயிற்றா? பதில் எழுதும்போது அதை முதலில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்