நீ கேட்ட கேள்விக்கு, கனடாவின் மேப்பிள் க்ரீக்கிலிருந்து

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. மார்ச் கடைசியில் தொடங்கி ஏப்ரல் முழுக்க இங்கே கன்று போடும் காலம். மாட்டு வைத்தியனுக்கு இராத் தூக்கம் கிடையாது, போன் அடித்தால் எழுந்து வண்டியை எடுக்க வேண்டியதுதான். இப்போதுதான் கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது. உன் மகள் நாமக்கல் கால்நடைக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். பெரிய மாடு பார்க்கத்தான் ஆசை என்கிறாளாமே, தடுக்காதே. இங்கே சாஸ்கட்டூன் கல்லூரியில் கால்நடை மருத்துவம் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். எங்கள் கிளினிக்கிலும் மாறிக் கிடக்கிற கன்றைத் திருப்பி எடுப்பதில் கைதேர்ந்தவர் ஒரு பெண் டாக்டர்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மாட்டைக் கறிக்கென்றே வளர்க்கிறவனுக்கு அதன் மேல் என்ன பாசம் இருக்கும், அப்படிப்பட்டவர்களிடம் போய் எப்படி வேலை செய்கிறாய் என்று எழுதியிருந்தாய். பொதுவாகப் பதில் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அப்புறம் நீயே பார்த்துக்கொள்.

அவருடைய பண்ணை ஊருக்குத் தெற்கே, சைப்ரஸ் குன்றுகள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது. மரம் என்று பார்த்தால் வீட்டைச் சுற்றிக் காற்றுக்கு நட்டது மட்டும்தான், மற்றதெல்லாம் புல். மழையும் பனியும் சேர்த்தே வருடத்துக்கு 350 மில்லிமீட்டர் போலத்தான் விழும். 1857 முதல் 1860 வரை இந்தப் பக்கம் சுற்றிப் பார்த்த கேப்டன் பாலிசர் இது வெள்ளாமைக்கு ஆகாத பூமி என்று எழுதிவிட்டுப் போனார். அதற்கப்புறமும் 1872ஆம் வருடச் சட்டப்படி 10 டாலர் கட்டினால் 160 ஏக்கர் என்று அரசாங்கம் கொடுத்தது, ஜனங்கள் வந்து உழுதார்கள், 1930களின் பஞ்சத்தில் மண்ணெல்லாம் காற்றில் பறந்து நிறையப் பேர் வீட்டைப் போட்டுவிட்டுப் போனார்கள். இவருடைய தாத்தா மட்டும் போகவில்லை, காரணம் அவர் உழாமல் மாடு வைத்திருந்தார். இன்றைக்கும் ஒரு தாய்க்கும் கன்றுக்கும் கோடைக்கு மட்டுமே இருபது முப்பது ஏக்கர் வேண்டும். அதனால் ஆயிரக்கணக்கில் ஏக்கர் என்று கேட்டதும் ஜமீன்தார் என்று நினைத்துவிடாதே, அதில் பெரும்பகுதி அரசாங்கக் குத்தகை நிலம், வீட்டு அடுப்படியில் தரைக்குப் போட்ட லினோலியம் விரிப்பு கிழிந்து கிடக்கிறது.

ஏப்ரல் கடைசியில் ஒரு பனிப்புயல் வந்தது. தலைச்சன் கிடேரி ஒன்று கன்று போட முடியாமல் முக்கிக்கொண்டிருக்கிறது என்று நடுராத்திரி கூப்பிட்டார். நான் போய் வயிற்றைக் கிழித்துக் கன்றை எடுத்துத் தையல் போட்டு முடித்தபோது, கொட்டகையின் இன்னொரு மூலையில் அவரும் மகளும் ஒரு செத்த கன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பனியில் பிறந்து, தாய் நக்கிக் காயவைப்பதற்குள் விறைத்துப்போன கன்று. மகள் டார்ச் பிடிக்க, அவர் கையுறையைக் கழற்றிப்போட்டுவிட்டு அதன் தோலை உரித்தார். நான்கு கால்களுக்கும் ஓட்டை விட்டு, வாலை வெட்டாமல், சட்டை போலக் கழற்றி எடுத்தார். வேறொரு மாடு இரட்டைக் கன்று போட்டிருந்தது, அதற்கு ஒன்றுக்குத்தான் பால் இருந்தது. இரண்டில் சோனியாக இருந்ததைத் தூக்கிவந்து அந்தத் தோலை மாட்டி, வைக்கோல் கட்டும் கயிற்றால் வயிற்றிலும் கழுத்திலும் முடிந்து, கன்றை இழந்த தாயிடம் விட்டார். அது முதலில் முட்ட வந்தது. அப்புறம் முதுகை மோந்தது, வாலடியை மோந்தது, தொண்டைக்குள்ளேயே ஒரு சத்தம் கொடுத்தது, கன்று போட்ட மாடு மட்டும் கொடுக்கிற சத்தம் அது, உனக்குத் தெரியும். கன்று தடுமாறிப்போய்க் காம்பைப் பிடிக்கிற வரைக்கும் அந்த மனிதர் மூச்சு விட்டாரா என்றே எனக்குச் சந்தேகம். நான்கு நாள் கழித்துத் தோலை எடுத்துவிட்டார்கள், அதற்குள் தன் பால் வாசம் கன்றின் மேல் ஏறிவிட்டது, தாய் ஏற்றுக்கொண்டது.

நம் ஊரில் கன்று செத்தால் தோலில் வைக்கோல் அடைத்துத் தாய் முன்னால் வைத்துப் பால் கறப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே அந்த மாட்டிடம் யாரும் ஒரு சொட்டுப் பால் கறப்பதில்லை. சீம்பாலிலிருந்து கடைசி வரை எல்லாம் கன்றுக்குத்தான். ஆறேழு மாதம் கன்று தாயோடு புல்வெளியில் திரியும், விலாவெல்லாம் சதை பிடித்து 250 கிலோ வரை ஏறும். நாம் பால் பண்ணைகளில் பார்த்த காளைக்கன்றுகளின் கதியை நினைத்துக்கொள், இதை ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

அக்டோபரில் கன்றுகளைப் பிரிப்பார்கள். அதுதான் வருடத்திலேயே எனக்குக் கேட்கப் பொறுக்காத சத்தம், முன்பெல்லாம் இரண்டு மூன்று ராத்திரி வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கதறிக்கொண்டே இருக்கும். இவர் சில வருடங்களாக வேறு மாதிரி செய்கிறார். பிரிப்பதற்கு ஒரு வாரம் முன்பே கன்றின் மூக்கில் ஒரு பிளாஸ்டிக் தட்டை மாட்டிவிடுகிறார், அதோடு புல் மேயலாம், தண்ணீர் குடிக்கலாம், பால் மட்டும் ஊட்ட முடியாது. தாய் பக்கத்திலேயே இருப்பதால் கன்று அவ்வளவாகப் பதறுவதில்லை, பால் மறந்த பிறகு பிரித்தால் சத்தமும் குறைவு, எடையும் இறங்குவதில்லை. ஒவ்வொரு கன்றையும் இரண்டு தடவை பிடித்து அடைக்க வேண்டும், கூடுதல் வேலைதான். பரவாயில்லை என்கிறார்.

அப்புறம் லாரி வரும். ஏலத்துக்குப் போய், அங்கிருந்து பெரும்பாலும் பக்கத்து மாகாணமான ஆல்பர்ட்டாவில் லெத்பிரிட்ஜ் பக்கம் இருக்கிற கொழுக்க வைக்கும் பட்டிகளுக்குப் போகும். அங்கே பார்லி தின்று ஒன்றரை வயதை ஒட்டி ப்ரூக்ஸிலோ ஹை ரிவரிலோ வெட்டுவார்கள். அந்தப் பட்டிகள் எனக்குப் பிடிக்காது, ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் மாடு சேற்றில் நிற்பதைப் பார்த்தால் மனசு ஒப்பாது, இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். தன் புல்லை விட்டுக் கன்று போனபின் தன் கையில் ஒன்றுமில்லை, இருக்கிற வரைக்கும் நன்றாக இருக்கட்டும் என்றார். இந்தப் பதில் போதுமா என்று கேட்டால் எனக்கும் போதவில்லை. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும், வற்றிப்போன மாட்டை நீயும் சந்தையில்தான் விற்கிறாய், பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து லாரி எங்கே போகிறது என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். நாம் கயிற்றைக் கைமாற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுகிறோம். இவர் போன வருடம் பன்னிரண்டு ஈத்துக் கொடுத்த ஒரு கிழ மாட்டை, சினை நிற்கவில்லை என்று நான் கைவிட்டுப் பார்த்துச் சொன்ன பிறகு, கம்பு எடுக்காமல், சத்தம் போடாமல், தானே நடத்திக்கொண்டுபோய் லாரியில் ஏற்றினார். எங்கே போகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் அதை வேறு பேர் சொல்லி மறைப்பதில்லை.

குடும்பத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவரைப் பற்றிச் சொன்னதாகாது. கல்யாணமான புதிதில் கடன் வாங்கி மாடு வாங்கியிருக்கிறார்கள், 2003 மே 20 அன்று ஆல்பர்ட்டாவில் ஒரே ஒரு மாட்டுக்குப் பைத்திய மாட்டு நோய் (மேட் கவ்) என்று அறிவித்தார்கள். அன்றைக்கே அமெரிக்கா எல்லையை மூடியது, மற்ற நாடுகளும் வரிசையாக மூடின. கனடா மாட்டுக்காரர்களின் பிழைப்பே ஏற்றுமதியில் இருக்கிறது, யோசித்துப் பார். இளம் மாடுகளுக்கு எல்லை திறக்க 2005 ஜூலை ஆனது, வயதான மாடுகளுக்கு 2007 நவம்பர். நடுவில் கிழ மாட்டை விற்றால் லாரி வாடகைக்கே காணாது. அப்போதுதான் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் போக ஆரம்பித்தார். இன்றைக்கும் போகிறார், நைட் ஷிப்ட் முடிந்து வந்து அதே யூனிபார்மோடு கன்றுக்குப் பாட்டில் பால் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வருடங்களில் இந்த வீட்டைத் தாங்கியது அவருடைய சம்பளம்தான் என்று கணவரே எல்லோர் முன்னாலும் சொல்லுவார்.

பிள்ளைகள் இரண்டு பேர். ஸ்கூல் பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். குளிரில் மைனஸ் முப்பதிலும் தினமும் மாட்டுக்குக் காய்ந்த புல் போட்டாக வேண்டும், தாய் மாடு ஒன்றுக்குப் பன்னிரண்டு பதிமூன்று கிலோவாவது வேண்டும். அப்பாவோடு டிராக்டரில் உட்கார்ந்தே வளர்ந்த பிள்ளைகள். ஃபோர்-எச் என்று ஒரு பிள்ளைகள் சங்கம் இருக்கிறது, கனடாவில் 1913இல் மனிடோபாவில் ரோலண்ட் என்ற ஊரில் தொடங்கியது. அதில் சேர்ந்த பிள்ளை ஒரு கன்றைத் தானே வளர்த்து, கயிறு பழக்கி, எவ்வளவு தீனி போட்டேன் என்று கணக்கு எழுதி, கடைசியில் காட்சிக்கு வைத்து ஏலத்தில் விற்க வேண்டும். இவருடைய மகள் முதல் வருடம் தன் காளைக்கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாளாம். அவர் சமாதானம் சொல்லவில்லை, கூடவே நின்று தானும் அழுதார் என்று அவர் மனைவி சொன்னார். அடுத்த வருடம் அவளே இன்னொரு கன்றைத் தேர்ந்தெடுத்தாள்.

ஜூன் வந்தால் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும் நாள். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் குதிரையும் கயிறுமாக வந்துவிடுவார்கள், கூலி கிடையாது, நாளைக்கு இவர்கள் அங்கே போவார்கள். கன்றைக் கயிற்றில் இழுத்துவந்து படுக்க வைத்து, சூடு, காயடிப்பு, சப்பை நோய்க்கும் மற்றதற்கும் தடுப்பூசி எல்லாம் ஓரிரு நிமிடத்தில் முடித்துத் தாயிடம் விட்டுவிடுவார்கள். மதியம் எல்லோருக்கும் சாப்பாடு. எனக்குச் சூடு போடுவது ஒப்பவில்லை, காது வில்லை போதாதா என்று கேட்டேன், ஆளில்லாத பெரிய வெளியில் வில்லையை அறுத்துவிட்டு மாட்டைத் திருடுகிறவன் இன்னும் இருக்கிறான் என்றார்கள். காயடிக்கும்போது வலி மருந்து போடுங்கள் என்று வற்புறுத்தினேன், இப்போது போடுகிறார்.

இங்கே பக்கத்து நிலமெல்லாம் உழுதாகிவிட்டது. இந்தச் சாஸ்கட்செவன் மாகாணத்தில் ஆதியில் இருந்த புல்வெளியில் ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை என்கிறார்கள். நம் வீட்டில் மைசூர்ப் பருப்பு என்று வாங்குகிறோமே, வெளியிலிருந்து இந்தியா வாங்குவதில் ஒரு நல்ல பங்கு இங்கே விளைந்ததுதான், அதனால் உழுதவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு தடவை உழுத புல்வெளி அதே புல்வெளியாகத் திரும்பி வராது. தரையில் வளைக்குள் குடியிருக்கும் ஒரு குட்டி ஆந்தை இந்தப் புல்லை நம்பி இருக்கிறது, நாடு முழுக்கவே அது அருகிவிட்டது. மாடு மேயாவிட்டால் இந்த நிலம் உழப்படும், இதுதான் இங்கே நிலைமை. 2021 வறட்சியில் காய்ந்த புல் கிடைக்காமல் அவர் மந்தையில் பாதியை விற்றார், புல்லை ஒட்ட மேயவிட மனம் வரவில்லை. குட்டைத் தண்ணீர் வற்ற வற்ற உப்பேறும், 2017இல் ஷாம்ராக் பக்கம் ஒரு மேய்ச்சல் நிலத்தில் 200 மாடுகள் அப்படிச் செத்த பிறகு, அவர் கோடையில் வாரா வாரம் தண்ணீரைச் சோதிக்காமல் இருப்பதில்லை.

இப்போது மாட்டுக்கு யாரும் பார்த்திராத விலை. வறட்சியில் எல்லோரும் விற்றுத் தீர்த்ததால்தான். அமெரிக்காவில் 2024 தொடக்கத்தில் எண்ணியபோது 1951க்குப் பிறகு இவ்வளவு குறைவாக மாடு இருந்ததே இல்லை. விலை நன்றாக இருக்கும்போதே எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊருக்குள் குடிபோகலாமே என்று பலர் அவரிடம் சொல்கிறார்கள். 2021 கணக்குப்படி இந்த நாட்டு விவசாயிகளின் சராசரி வயது 56, அடுத்து யார் என்று எழுதிவைத்திருப்பது நூற்றுக்குப் பன்னிரண்டு பண்ணைகள்தான். நிலத்தின் விலையைப் பார்த்தால் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குப் பங்கு கொடுத்து மீட்க முடியாது. மகன் ரெஜைனாவில் எலக்ட்ரீஷியன், அவனுக்கு இதில் ஆசை இல்லை. மகள் சாஸ்கட்டூனில் விவசாயம் படித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். சம்பளத்துக்குப் பதில் வருடா வருடம் சில கிடேரிகளை அவள் பேருக்கு எழுதிக் கொடுக்கிறார்கள், அவளுக்கென்று தனிச் சூட்டு அச்சும் பதிவு செய்தாகிவிட்டது. நிலத்தை என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை, மகனையும் உட்கார வைத்து நான்கு பேரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தோல் மாட்டிய கன்று அவள் கணக்கில்தான் சேர்ந்திருக்கிறது, கிடேரி என்பதால் விற்கப் போவதில்லையாம்.

உன் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தைச் சோலார் கம்பெனிக்காரர்கள் குத்தகைக்குக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, என்ன சொல்லி அனுப்பினாய்? கொழுக்கட்டைப் புல் இந்த வருடம் எப்படி, கிளுவை வேலியெல்லாம் இருக்கிறதா? கொடுப்பதென்றாலும் முழுவதையும் கொடுத்துவிடாதே, மகள் படித்து முடித்து வரும் வரையாவது பாதியை வை. அவளுக்கு விருப்பமென்றால் ஒரு கோடை விடுமுறைக்கு இங்கே அனுப்பு, ஜூனில் வந்தால் இவர்கள் வீட்டிலேயே தங்கலாம், கேட்டுவிட்டேன், சரி என்று சொல்லிவிட்டார்கள். பாஸ்போர்ட்டுக்கு இப்போதே போடச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்