21 நாள் கணக்கும் கைவிடப்படும் இலக்குகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தன்முன்னேற்றம் குறித்துப் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் ஓயாமல் சொல்லப்படும் இரண்டு செய்திகள், நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டாலும், இலக்கு வைத்து உழைக்க முனைபவருக்குக் கெடுதலே செய்கின்றன என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலாவது, யேல் பல்கலைக்கழகக் கதை. 1953ஆம் ஆண்டு அங்கே பட்டம் பெற்றவர்களில் 3 சதவீதத்தினர் மட்டுமே தம் இலக்குகளை எழுதி வைத்திருந்தார்கள் என்றும், 20 ஆண்டுகளுக்குப் பின் அவர்களுடைய சொத்து மற்ற 97 சதவீதத்தினரின் மொத்தச் சொத்தையும் விஞ்சியிருந்தது என்றும் சொல்வார்கள். அப்படி ஓர் ஆய்வே நடக்கவில்லை என்று அந்தப் பல்கலைக்கழகமே தெரிவித்துவிட்டது. சில பேச்சாளர்கள் யேலை எடுத்துவிட்டு ஹார்வர்டைப் போட்டுக்கொள்கிறார்கள். அந்த 3 சதவீதம் மட்டும் மாறுவதே இல்லை.

இரண்டாவது, எந்தப் பழக்கமும் 21 நாளில் படிந்துவிடும் என்பது. 1960இல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர், அறுவைக்குப் பின் தம் புதிய முகத்தைப் பார்த்துப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாட்கள் ஆவதாக எழுதினார். 'குறைந்தது' என்ற சொல்லும் முகமும் உதிர்ந்துபோய், எண் மட்டும் எஞ்சி, விடியலில் எழுவது முதல் புகைப்பதை விடுவது வரை எல்லாவற்றுக்கும் விதியாகிவிட்டது.

நாலு பேருக்கு ஊக்கம் கிடைத்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். 22ஆம் நாள் காலையிலும் தன்னை இழுத்துப்பிடித்து எழுப்ப வேண்டியிருக்கும் ஒருவர், கணக்கு தவறு என்று எண்ணுவதில்லை. தனக்கு மன உறுதி இல்லை என்றே முடிவு கட்டிக்கொள்கிறார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை 84 நாட்கள் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் பழக ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாட்கள் வரை ஆகும் என்று கணித்தார்கள். அதன் நடுமதிப்பு 66 நாள். ஆய்வு 84 நாளோடு முடிந்ததால் அந்த 254 ஒரு மதிப்பீடுதான். எனினும் அதே ஆய்வில் ஊக்கப் பேச்சுகளில் ஒருபோதும் இடம்பெறாத இன்னொரு முடிவு இருக்கிறது: இடையில் ஒரு நாள் விட்டுப்போவதால் பழக்கம் படிவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை. நாட்காட்டியில் ஒவ்வொரு கட்டமாகக் குறியிட்டு வந்து, ஒரு கட்டம் வெறுமையானதும் மாதம் முழுவதையும் கைகழுவிவிடுபவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

இலக்கை எழுதி வைப்பதே வீண் என்று நான் சொல்லவில்லை. எதை எழுதுகிறோம் என்பதில்தான் வேறுபாடு. பிரிட்டனில் மாணவர்களிடையே நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஓர் ஆய்வில், இதயநோய் பற்றிய ஊக்கமூட்டும் குறிப்புகளைப் படித்தவர்களில் 35 சதவீதத்தினரே அடுத்த வாரத்தில் ஒரு முறையேனும் உடற்பயிற்சி செய்தார்கள்; அக்குறிப்புகளைப் படிக்காதவர்களில் 38 சதவீதத்தினர் செய்திருந்தார்கள். படித்ததோடு நில்லாமல், எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று எழுதிக் கொடுத்த பிரிவிலோ 91 சதவீதத்தினர் செய்தார்கள். மாணவர்கள் தாமே சொன்ன கணக்கு என்று சற்றுத் தள்ளுபடி செய்து பார்த்தாலும் இந்த இடைவெளி பெரிது. 'இந்த ஆண்டு நிறையப் படிக்க வேண்டும்' என்று எழுதுவது ஆசை. 'இரவு சாப்பிட்டுக் கை கழுவியதும், கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, மேசையில் அமர்ந்து பத்துப் பக்கம் படிப்பேன்' என்று எழுதினால், கை கழுவும் அந்த நொடியே அடுத்த வேலையை நினைவூட்டிவிடும். இன்று படிக்கலாமா வேண்டாமா என்று தினமும் மனத்தோடு வழக்காட வேண்டியதில்லை.

ஆகவே, ஆண்டுத் தொடக்கத்திலும் தேர்வுக் காலத்திலும் இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, எவர் செய்த ஆய்வு, எந்த ஆண்டு, எத்தனை பேரிடம் என்ற விவரங்களைக் கட்டுரையாளரிடம் கேட்டுப் பெற்று உடன் அச்சிடுமாறும், அவ்விவரம் கிடைக்காத புள்ளிவிவரத்தை நீக்கிவிடுமாறும் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்