ஓல்ட் கோர்ஸில் என் பையைச் சுமந்த பெரியவருக்கு

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் என் கோல்ஃப் மட்டைப் பையைச் சுமந்து கூடவே நடந்த பெரியவருக்கு இந்த நன்றி. பெயரைப் போட்டால் அவருக்குக் கூச்சமாக இருக்கும், விட்டுவிடுகிறேன்.

அங்கிருக்கும் ஓல்ட் கோர்ஸ் என்ற கோல்ஃப் மைதானம் பொது மைதானம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டம் கிடையாது, ஊர்க்காரர்கள் நாயோடு உலாவுவார்கள். ஆனால் புதிதாக ஆடப் போகிறவருக்குத் தலைகால் புரியாது. மொத்தம் 112 பங்கர்கள், அதாவது பந்து சிக்கிக்கொள்ளும் மணல் குழிகள். பல, அடிக்கும் இடத்திலிருந்து கண்ணிலேயே படாது. ஒவ்வொரு ஹோலும், அதாவது பந்தைக் குழியில் போடும் ஒவ்வொரு சுற்றுப் பாதையும், குழியும் கொடியும் உள்ள கிரீன் என்ற புல்தரையில் முடியும். இங்கே ஏழு பெரிய கிரீன்களை இரண்டிரண்டு ஹோல்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. அந்த இரண்டு ஹோல்களின் எண்களைக் கூட்டினால் 18 வரும் என்று அவர் சொன்ன பிறகுதான் எது நம் கொடி என்ற குழப்பம் தீர்ந்தது.

கடல் காற்று பந்தை இழுத்துக்கொண்டு போனபோது, தூக்கி அடிக்க வேண்டாம், உருட்டுங்கள் என்று கிரீனுக்கு வெகுதூரம் முன்னாலேயே பந்தை உருட்டும் மட்டையான பட்டரை நீட்டினார். இறுகிய மணல் தரை, ஒட்ட வெட்டிய புல். பந்து மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கிக் கொடியருகே போய் நின்றது!

17ஆவது ஹோலில் ஹோட்டல் கொட்டகைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு அடிக்க வேண்டும். கொட்டகைச் சுவரில் இருந்த ஹோட்டல் பெயரில் ஓர் எழுத்தைக் காட்டி, "அதுக்கு மேலே" என்றார். அவ்வளவுதான். அப்புறம் அந்த ஹோலின் கிரீனருகே உள்ள ரோடு பங்கரில் நான் பட்ட பாட்டைப் பார்த்தும் அவர் சிரிக்கவில்லை. அதற்குத் தனி நன்றி.

அங்கே போகிறவர்கள், பை சுமக்க ஆள் வேண்டுமா என்று கேட்டால் யோசிக்காமல் சரி சொல்லுங்கள்.