வாட்டில் காட்டுக்குத் தீ வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து இளைஞர்கள், லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே வாட்டில் என்னும் வெளிநாட்டு வேல மரங்களை வெட்டித் துப்புரவாக்கிய செய்தியைப் படத்துடன் போட்டிருந்தீர்கள். வாட்டில் தண்ணீரைக் குடிப்பதால் பீலியில் (ஊற்றுத் தண்ணீர்க் குழாயில்) தண்ணீர் குறைகிறது என்று புலம்பிக்கொண்டிருக்காமல் கத்தியைத் தூக்கியிருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள். ஆனால் வெட்டியதை அங்கேயே குவித்துத் தீ வைத்திருப்பதும் படத்தில் தெரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வாட்டில் விதையின் தோல் மிகக் கடினம், தண்ணீர் லேசில் உள்ளே இறங்காது. மண்ணுக்குள் 50 வருடம்கூட முளைக்காமல், சாகாமல் கிடக்கும். தீயின் சூடு பட்டால் தோல் வெடிக்கும், அடுத்த மழைக்கு முளைத்துவிடும். நான் கண்டக்டராக (வெளிக்கள வேலைகளைப் பார்க்கும் உத்தியோகத்தராக) இருந்த தோட்டத்தில் பத்தனைப் புல்லுக்கு, அதாவது மலைப் புல்வெளிக்கு, யாரோ வைத்த தீ வாட்டில் காட்டுக்குள் ஏறியது. மரங்கள் கருகின. தொல்லை விட்டது என்றார் துரை (தோட்ட மேலாளர்). மழை பிடித்ததும் பார்த்தால் அந்த மேடு முழுக்கக் கீரைப் பாத்தி மாதிரி நாற்று! பெண்களை விட்டுக் கொஞ்சம் பிடுங்கினோம். அப்புறம் அதற்கெல்லாம் பேர் போட (நாள் சம்பளம் கொடுக்க) முடியாது என்று நிறுத்திவிட்டார்கள். இப்போது அதற்குள் ஆள் நுழைய முடியாது.

வெளியிலிருந்து வந்தது என்பதற்காக ஒரு மரத்தைக் குற்றம் சொல்ல மலையகத்தில் யாருக்கும் வாய் வராது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் போட்ட தேயிலையே வந்ததுதானே. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சவுக்கு (நாங்கள் அப்படிச் சொல்லும் சில்வர் ஓக் மரம்) எங்கள் மலைகளில் நட்ட இடத்தில் நின்று நிழல் தருகிறது. அதே நாட்டு வாட்டில் அப்படியில்லை. தழைச்சத்தை வேரிலேயே தேடிக்கொள்வதால் பத்தனையின் வறட்டு மண்ணும் அதற்குப் போதும். ஹோர்ட்டன் சமவெளியில் மஞ்சளாகப் பூக்கும் கோர்ஸ் முட்செடிக்கும் இதே குணம்தான், பிடுங்கப் பிடுங்க முளைக்கிறது.

தண்ணீர் விஷயத்தில் பிள்ளைகள் சொல்வது சரி. தென்னாபிரிக்காவில் ஆற்றோரத்து வாட்டில் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கிறது என்று 1995 இல் அரசே ஒரு திட்டம் தொடங்கி, வேலையில்லாதவர்களுக்குச் சம்பளம் கொடுத்து வெட்ட வைத்தது. வெட்டிய இடத்துக்கே திரும்பத் திரும்பப் போக வேண்டியிருந்தது அங்கேயும்.

ஆகவே தம்பிமாரே, விறகை வீட்டுக்கும் ஸ்டோருக்கும் (தேயிலைத் தொழிற்சாலைக்கும்) கொண்டுபோங்கள், மேட்டில் வைத்து எரிக்காதீர்கள். நிற்கிற மரத்துக்குப் பட்டையைத் தரைமட்டம் வரை சுற்றி உரித்துவிட்டால் நின்றபடியே காயும். நாற்றுகளை மழை விட்ட மறுநாள், மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். வெறும் நிலமாக விடாமல் காட்டுச் செண்பகம், மலையில் வளரும் நாவல் வகைகள் என்று நட்டு வையுங்கள். நிழல் விழுந்தால் வாட்டில் நாற்று தேறாது. இதைப் பல வருடம் செய்ய வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரமதானத்தோடு முடிகிற வேலை இல்லை. தோட்ட நிர்வாகம் மழைக்காலத்தில் இதற்கென்று நாலு பேருக்காவது பேர் போட வேண்டும்.

இன்னொன்று. அந்த மேட்டின் அடிவாரத்தில் பாதை வேலைக்கு மண் வெட்டுகிறார்கள். அந்த மண்ணில் வாட்டில் விதையும் இருக்கும். டிப்பர் அதை எங்கே கொட்டுகிறதோ அங்கேயும் முளைக்கும். மண்ணை வேறு இடத்தில் எடுக்கச் சொல்லி அதிகாரிகள் இப்போதே தடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கண்டக்டர்,
நானுஓயா